மரக்காலுக்கு ஒரு காய்

காட்டுப்பள்ளி மணலில் வேர்க்கடலை பிடுங்க மண்வெட்டி வேண்டாம். செடியின் அடியைக் கொத்தாகப் பற்றி, லேசாக ஆட்டி இழுத்தால் போதும், காயும் பிஞ்சுமாக முழுவேரும் மேலே வந்துவிடும். ஒட்டியிருக்கும் மணலை உதற வேண்டும். ஓங்கி உதறினால் காய் தெறிக்கும், மெல்ல உதறினால் மணல் தங்கும். இந்த அளவு கைக்குப் பிடிபட இரண்டு மூன்று போகம் ஆகும் என்கிறார்கள் வரப்போரத்துப் பெண்கள்.

சின்னவனுக்குப் பிடிபட்டிருக்கிறது. வீட்டில் இளையவன் என்பதால் ஊர் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். மீசை முற்றிய வயது. தோளில் ஈரத்துண்டு, முட்டிக்கு மேலே மடித்த லுங்கி. ஒரு செடியைப் பிடுங்குகிறான், மூன்று முறை உதறுகிறான், வேரை மேலாக்கி வைக்கிறான். அடுத்த செடி, மறுபடி மூன்று உதறல். நான்காவது உதறல் இல்லவே இல்லை. பாத்தியின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடிவரை செடிகள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடக்கின்றன. பக்கத்துப் பாத்தியில் பிடுங்கும் பெண்கள் கதை பேசிக்கொண்டே கைக்கு வந்தபடி போடுகிறார்கள். பின்னால் காய் ஆய உட்காருபவர்களுக்குச் சின்னவனின் பாத்திதான் வசதி. அங்கே உட்காரப் போட்டியே நடக்கிறது.

கிழக்கே சவுக்குத்தோப்பு, அதைத் தாண்டினால் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும். தெற்கே துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள், அவற்றுக்கும் பின்னால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். சாலையில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் நீளநீளமாகப் போகின்றன. ஒரு லாரி ஹாரன் அடித்ததும் சின்னவன் செடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். யாரும் பதறவில்லை, கூப்பிடவுமில்லை. ஓசை அடங்கியது. கைகளை இறக்கினான், போட்ட செடியையே எடுத்து விட்ட உதறலை உதறி முடித்தான்.

வெயில் ஏறியதும் எல்லோரும் ஓலைப்பந்தலுக்கு நகர்கிறார்கள். இனிக் காய் ஆய்வது. ஆயா ஒருவர் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். நிலம் அவருடையது. சின்னவனுக்கு உறவு எதுவும் இல்லை, பக்கத்து வீடு, அவ்வளவுதான். அவனுடைய அம்மா பந்தலின் மறுமுனையில் வேறொரு குவியலோடு இருக்கிறார். அது தற்செயலாக அமைந்ததாகத் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் அவன் வேலையை அம்மா கையில் தள்ளிவிடுவான் என்று ஆயா யாரிடமோ சொல்வது காதில் விழுகிறது.

"கண்ணு, இத்த பாரு. இது முத்துனது. இது பிஞ்சு. பிஞ்ச ஆட்டுக்குப் போடு."

அவன் காயை விரலிடையில் வைத்து அழுத்திப் பார்க்கிறான். முற்றிய காய் அமுங்காது, ஓட்டின் மேல் வரிகள் விரலில் இடறும். பிஞ்சு குழையும். பூச்சி துளைத்த காயில் சின்ன ஓட்டை இருக்கும், அதைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தூர எறிகிறான். நன்றாகப் பேச வராத, எழுத்தே படியாத அவனுடைய கைக்கு இப்படி நான்கு வகை தெரிகிறது. நாலாவது வகை, தரையிலேயே முளைவிட்ட காய். அது அவன் வாய்க்கு.

இதில் எண்ணிக்கையும் உண்டு. ஆய்ந்த காயை மரக்காலில் கொட்டி, தலைதட்டி, சாக்கில் கவிழ்க்கிறார்கள். ஒவ்வொரு மரக்கால் கவிழும்போதும் ஒரே ஒரு காயைத் தனியே எடுத்து ஆயாவின் முந்தானைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அது சின்னவன் பொறுப்பு. கவிழ்த்த கையோடு ஒரு காய் வைக்கிறான். யாராவது பேச்சு சுவாரசியத்தில் அவனைக் கேட்காமல் சாக்கில் கவிழ்த்துவிட்டால் "ஆயா!" என்று கத்துகிறான். வேலை முடிந்ததும் அந்தத் தனிக்காய்களை எண்ணித்தான் கூலி. எண்ணுவது ஆயா. ஆனால் கணக்கு அவன் வைத்தது. அவனுக்கு நாலுக்கு மேல் எண் வராது என்று அம்மா சொல்கிறார். வராவிட்டால் என்ன? ஒரு மரக்காலுக்கு ஒரு காய் என்ற பொருத்தம் அவனுக்குப் புரிந்திருக்கிறது. எண் என்பதே அந்தப் பொருத்தத்தில் தொடங்கியதுதான். பலகையில் ஒன்று, இரண்டு என்று எழுதிக் காட்டிய காலத்தில் கிடைக்காதது இந்தக் குவியலுக்கு முன்னால் கிடைத்திருக்கிறது. இங்கே கணக்கு தவறினால் ஒருவருக்குக் கூலி குறையும் என்பதை அவன் கண்ணால் பார்க்கிறான்.

பந்தலுக்குப் பக்கத்தில் அரைக்கீரைப் பாத்தி இருக்கிறது. சாயங்காலச் சந்தைக்குக் கட்டு கட்ட வேண்டும். ஆயா கீரையை அறுத்து, வேர்ப்பக்கம் சமன்செய்து, வாழைநாரைச் சுற்றி, முதல் முடிச்சும் போட்டு அவனிடம் நீட்டுகிறார். அவன் நாரின் இரு முனையையும் இழுத்து இறுக்கிக் கூடையில் வைக்கிறான். முழுக்கட்டு, அவன் கையால் முடிந்த கட்டு. பத்துக் கட்டு போனதும் ஆயா முடிச்சுப் போடாமல் நாரை மட்டும் சுற்றி நீட்டுகிறார். அவன் விழிக்கிறான். ஆயா அவன் விரல்மேல் தன் விரலை வைத்து ஒரு முடிச்சு போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். அடுத்த கட்டில் முடிச்சு தளர்ந்து கீரை சரிகிறது. ஆயா ஒன்றும் சொல்லாமல் திரும்ப அவன் கையிலேயே கொடுக்கிறார்.

சிறப்புக் கல்வி படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த முறை. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை முதலில் கற்பிப்பார்கள். முதல் படியிலிருந்து தொடங்கினால் கற்பவர் தடுமாறி பாதியிலேயே நின்றுவிடுவார், தோல்வி மட்டும் மனதில் தங்கும். கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் வேலை அவர் கையில்தான் முடியும். அந்த நிறைவு அடுத்த படிக்கு இழுத்துச் செல்லும். ஆயா இதைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சடை பின்னவும் கோலம் போடவும் சொல்லிக்கொடுத்த கை அது.

சின்னவன் பள்ளிக்கும் போனவன்தான். மீஞ்சூர் ஒன்றியத்து வள மையத்திலிருந்து சிறப்பாசிரியை வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்த கதையை அம்மா அடுத்தவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த டீச்சர் பெயரைச் சொல்லும்போது குரலில் இன்னும் நன்றி இருக்கிறது. ஆனால் அரசின் அந்த ஏற்பாடு 18 வயதோடு முடிந்துவிடும். அதன்பின் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு இருப்பது மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரியில் அது 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. பணம் வரும். காலையில் எழுந்து எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வராது. இத்தகையவர்களுக்கான நிறுவனங்கள் சென்னைப் பக்கம் இல்லாமல் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் பால விகார் 1953லேயே தொடங்கப்பட்டது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. காட்டுப்பள்ளியிலிருந்து முட்டுக்காட்டுக்குப் போக சென்னை மாநகரத்தை வடகோடி முதல் தென்கோடிவரை கடக்க வேண்டும். லாரி ஹாரனுக்கே காதைப் பொத்துகிறவனைத் தினமும் அப்படி அழைத்துப் போவது கூலிக்குப் போகும் எந்தத் தாயாலும் ஆகாது.

அதனால்தான் இந்த மணல்காடு முக்கியமாகிறது. இதைப் பாடசாலை என்று யாரும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில், நிலத்தையே பாடசாலையாக்கும் இதே எண்ணம் பதிவு பெற்ற ஒரு அமைப்பாகவே வளர்ந்திருக்கிறது. கொணமங்கலத்தில் உள்ள சிருஷ்டி கிராமம், 2013இல் கார்த்திகேயன் என்பவர் தொடங்கியது. அவரே ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். தன்னோடு வளர்ந்த, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் பெரியவர்களான பிறகு போக இடமில்லாமல் நிற்பதைப் பார்த்தவர். வறண்டு கிடந்த நிலத்தில் மரம் வைத்து, காய்கறி போட்டு, மாடு வளர்த்து, அவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் ஊராக அதை ஆக்கினார். பின்னால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு விவசாய வேலைகளை முறையாகக் கற்பிக்கும் பண்ணைப் பயிற்சியும் அங்கே உருவானது.

பண்ணைக்கு அப்படி என்ன விசேஷம்? பார்த்துக்கொண்டே இருந்தால் புரிகிறது. வகுப்பறையில் ஒரே பாடத்தை நூறுமுறை சொன்னால் சொல்பவருக்கும் அலுக்கும், கேட்பவருக்கும் அவமானம். வயலில் நூறு செடி பிடுங்குவது யாருக்கும் அவமானம் இல்லை. அதுதான் வேலை. எல்லோரும் அதையேதான் செய்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்தால்தான் படியும் மனதுக்கு, திரும்பத் திரும்பச் செய்வதையே இயல்பாகக் கொண்ட தொழில் பொருந்திப்போகிறது. தப்புச் செய்தால் திட்ட ஆள் வேண்டியதில்லை. தண்ணீர் விடாத கீரை மறுநாள் தலைதொங்கிக் காட்டிவிடும், விட்டால் நிமிர்ந்து காட்டிவிடும்.

தண்ணீர் விடுவதும் சின்னவன் வேலைதான். மணலில் தோண்டிய துரவு, இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. படிபோல் வெட்டிய சரிவில் இறங்கி, இரண்டு பூவாளிகளையும் ஒரே நேரத்தில் அமிழ்த்தி, நிறைந்ததும் ஏறிவருகிறான். இரண்டு கையிலும் சம எடை. அந்தப் பாரத்தோடு நடக்கும்போது உடம்பில் ஒரு நிதானம் வருகிறது. காலையில் லாரிச் சத்தத்துக்குப் பின் அவன் தோள்களில் இருந்த இறுக்கம் நாலு நடையில் தளர்ந்துவிட்டது. உடலுக்குப் பாரமான வேலை இத்தகையவர்களின் பதற்றத்தைத் தணிக்கும் என்பது தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் சொல்வதும்தான். நனைந்த மணல் கருக்கும், காய்ந்த மணல் வெளுக்கும். வெளுத்த இடம் பார்த்துப் பூவாளியைச் சாய்க்கிறான், கருத்ததும் நகர்கிறான். யாரும் "போதும்" என்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் துரவுத் தண்ணீர் நல்ல தண்ணீர். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது எப்படி என்றால், மழைநீர் மணல்மேட்டில் இறங்கி அடியில் உள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவாக எடுத்தால் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கடல்நீர் புகுந்தது இப்படித்தான். இதே காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் வரை சென்னைக்குத் தரக்கூடியது. சின்னவனின் இரண்டு பூவாளி இந்த ஊரின் இன்னொரு நீர்க்கணக்கு.

பண்ணை என்றதும் எல்லாம் நன்மை என்று நினைத்துவிடக் கூடாது. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேலைநாட்டு மனநலக் காப்பகங்களும் அறிவுசார் குறைபாடு உள்ளோர் விடுதிகளும் ஒரு காலத்தில் பெரிய பெரிய பண்ணைகள் வைத்திருந்தன. உள்ளே இருந்தவர்களே உழுதார்கள், பால் கறந்தார்கள், அறுத்தார்கள். சிகிச்சை என்ற பெயரில் கூலி கிடையாது. 1973இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அப்படி வேலை செய்பவர்களுக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் கூலி கொடுக்க மனமில்லாத பல விடுதிகள் அந்த வேலைகளையே நிறுத்திவிட்டன. சுரண்டல் போனது, கூடவே வேலையும் போனது. இதற்கு மாறாக, நாஜிகளிடமிருந்து தப்பிவந்த கார்ல் கோனிக் என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1940இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய கேம்ப்ஹில் குடியிருப்புகளில் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே நிலத்தில் பாடுபடுகிறார்கள். நெதர்லாந்தில் சாதாரண விவசாயக் குடும்பங்களே இத்தகையவர்களைப் பகல்நேரத்துக்குச் சேர்த்துக்கொள்கின்றன. அதற்கு அரசின் பராமரிப்பு நிதியிலிருந்து பணம் வருகிறது. அப்படிப்பட்ட பண்ணைகள் அங்கே ஆயிரத்துக்கும் மேல். ஆயா செய்வது ஏறக்குறைய அதே காரியம். ஆயாவுக்குத்தான் நிதி எதுவும் கிடையாது.

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 37வது பிரிவு, அரசுத் திட்டங்களில் விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும்போது 5 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும் என்கிறது, பெண்களுக்கு முன்னுரிமையோடு. வேலை ஒதுக்கீட்டின் 4 சதவீதம் பற்றி நிறையப் பேசுகிறோம், கூட்டம் போடுகிறோம். இந்த 5 சதவீத நிலத்தைப் பற்றி யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ பேருக்கு மேசை வேலை ஒரு நாளும் கிடைக்கப்போவதில்லை. பத்துச் சென்ட் மணல்நிலமும் பக்கத்தில் ஒரு ஆயாவும் கிடைத்தால் அவர்கள் விளைவித்துக் காட்டுவார்கள்.

ஆனால் காட்டுப்பள்ளியில் நிலத்தின் கதை வேறு திசையில் போகிறது. எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது கடலோரக் குப்பம் இடம் மாறியது. 2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் இருப்பதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22ஆம் தேதி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5ஆம் தேதி என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. மீன்பாடு, கடலரிப்பு, பழவேற்காடு ஏரி, வேலைவாய்ப்பு என்று இரு பக்கமும் பேசிய விஷயங்கள் எல்லாமே முக்கியமானவை. சுற்றுச்சூழல் அறிக்கைகள் மரத்தை எண்ணுகின்றன, பறவையை எண்ணுகின்றன, வீட்டை எண்ணுகின்றன. சின்னவனுக்கு இந்த வரப்பின் ஒவ்வொரு வளைவும் கால்பாடம் என்பதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்? மற்றவர்கள் வேறு ஊரில் வேறு வேலை கற்றுக்கொள்வார்கள். அவனுக்குத் துரவுப் படி இறங்கவே ஒரு வருஷம் ஆனது. ஹாரன் சத்தத்தில் அவன் காதைப் பொத்தினால் கூப்பிடக் கூடாது என்று தெரிந்த ஒரு ஊரை இழப்பீட்டுத் தொகையால் இன்னொரு இடத்தில் கட்டித்தர முடியாது. அந்த ஊரே இருபது வருஷத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது.

பிற்பகலில் கடல்காற்று திரும்புகிறது. பந்தலின் ஓலை படபடக்கிறது. வியாபாரியின் டாட்டா ஏஸ் வண்டி மணலில் திணறிக்கொண்டு வந்து நிற்கிறது. சாக்குகள் எடைக்கு ஏறுகின்றன. ஆயா முந்தானையோரத்துக் காய்களைக் கூட்டி எண்ணி ஒவ்வொருவருக்காகக் கூலி பிரிக்கிறார். சின்னவன் பங்கை வாங்க அம்மா கையை நீட்டியபோது ஆயா அந்தக் கையைத் தள்ளிவிட்டார்.

"நீ இன்னாத்துக்கு நீட்ற? பாடுபட்டவன் அவன். அவன் கைல குடுக்கறேன், அவன் உனுக்குக் குடுக்கட்டும்."

நோட்டுகளை அவன் இரண்டு கையாலும் வாங்கினான். ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீதியை அம்மாவிடம் நீட்டினான். பையில் வைத்த நோட்டைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தான். "கட, கட" என்றான். தெருமுனைக் கடையில் அவன் என்ன வாங்குவான் என்று பந்தலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "கலரு குடிக்கப் போறான்" என்று நாலு குரல் எழுந்தது.

மேற்குப் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்றபடியே கேட்டார். அவருக்கு நாளைக்கு எட்டுப் பாத்தி பிடுங்க வேண்டும்.

"ஆயா, நாளைக்கு இவன எங்க கொல்லிக்கு அனுப்புங்க. நம்ம ஆளுங்க போட்றது குப்பையா கெடக்குது, ஆயறவங்க திட்றாங்க."

"எனுக்கு இன்னும் ரெண்டு பாத்தி கீது. அத்த முடிச்சிட்டுத்தான்."

"ரெண்டு பாத்திய மத்தவங்க பிடுங்க மாட்டாங்களா?"

"மத்தவங்கள நீ கூட்டினு போ."

இருவரும் குரலை உயர்த்திக்கொண்டே போனார்கள். கடைசியில் பத்து மணிவரை இங்கே, அதற்குமேல் அங்கே என்று முடிவானது. எத்தனை மணி நேரமானாலும் முழு ஆள் கூலி, அதுவும் அவன் கையில் என்று ஆயா கண்டிப்பாகச் சொன்னார். நிலத்துக்காரர் தலையைச் சொறிந்தபடி சரி என்றார். அம்மா இதில் வாயே திறக்கவில்லை. சின்னவனிடம் திரும்பி, "நாளைக்கி ரெண்டு எடம்டா உனுக்கு" என்றார். அவன் அதற்குள் கடைப்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தான்.